பரண்மேல் கிடந்த கவிதை

போன பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். பெயிண்ட் அடிப்பது சுவருக்கு நல்லது, வீட்டுக்காரனுக்குக் கெடுதல். முப்பது, நாற்பது வருஷமாகப் பரண்மேல் ஒளித்து வைத்த பாவங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

மூடியில்லாத கூஜா இறங்கியது. பையனின் மூன்று சக்கர சைக்கிள், இரண்டு சக்கரத்தோடு இறங்கியது. அப்புறம் சணல் கயிறு கட்டிய காக்கிப் பேப்பர் பொட்டலம் ஒன்று.

"ஏங்க, இது என்ன?" என்றாள் என் மனைவி.

"புத்தகம்."

அவள் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தாள். "எல்லாம் ஒரே புத்தகமால்ல இருக்கு? ஒரே புத்தகத்தை எதுக்கு இத்தனை வாங்கினீங்க?"

நியாயமான கேள்வி. இதற்கு நான் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே பதில் தயார் பண்ணி வைத்திருக்க வேண்டும். மொத்தம் நாற்பத்து மூன்று பிரதிகள். எண்ண வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும்.

"நாலு கிலோ தேறும். நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வருவாரு" என்றாள்.

"வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில், ஏணிமேல் நின்ற பெயிண்டர் பையன் திரும்பிப் பார்த்தான்.

அது என் நண்பனின் முதல் கவிதைத் தொகுப்பு. முதலும் கடைசியும். 1983-ல் வந்தது. நான் அப்போது மதுரையில் ஒரு பேங்க்கில் குமாஸ்தா. அவன் திருச்சியில் அரசாங்க உத்தியோகம். புதுக்கவிதை எழுதுவான். எழுதியதை முதலில் எனக்குத்தான் இன்லண்ட் லெட்டரில் அனுப்புவான். அது கவிதையா, கடிதமா என்று எனக்குச் சந்தேகம் வரும். கடைசியில் "அம்மாவுக்கு என் நமஸ்காரம்" என்று இருந்தால் கடிதம்.

ஏழெட்டு வருஷம் இப்படி எழுதி, ஒருநாள் புத்தகம் போடுவது என்று தீர்மானித்தான். பதிப்பாளர்கள் யாரும் இவனுக்காகக் காத்திருக்கவில்லை. சொந்தக் காசில்தான். இரண்டு மாசச் சம்பளம் போதவில்லை. அவனுடைய அக்காவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று. அந்த அக்கா ஐந்தாவது வரை படித்தவர். "தம்பி ஏதோ புஸ்தகம் போடுறான்" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

புரூப் பார்க்க நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போனேன். சின்ன அச்சாபீஸ். கையால் எழுத்துக் கோக்கிற காலம். வயசான கம்பாசிட்டர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்:

"தம்பி, உங்க கையெழுத்துப் பிரதியில வரியெல்லாம் பாதியிலயே நிக்குது. அம்புட்டுப் பேப்பரும் வேஸ்ட்டு. நானே எல்லாத்தையும் சேர்த்து ரொப்பிட்டேன். எட்டுப் பக்கம் மிச்சம்!"

நண்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் ஏழு வருஷமாக உடைத்து உடைத்து வைத்த வரிகளை அந்த மனிதர் ஒரே ராத்திரியில் ஒட்டவைத்திருந்தார்.

"ஐயா, அது அப்படித்தாங்க இருக்கணும். புதுக்கவிதை."

"கடைசியில ஓசை வரலியே?"

"வராதுங்க."

"வராதுன்னா எதுக்கு எழுதணும்?" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு.

மறுபடி கோத்தார். ரேப்பர் மட்டும் இரண்டு கலர். அறுபத்து நாலு பக்கம், முந்நூறு பிரதி, விலை நாலு ரூபாய். பின் அட்டையில் அவன் விலாசம். "படிக்கிறவங்க கார்டு போடுவாங்கடா" என்றான்.

புத்தகம் வந்த அன்றைக்கு அவனுடைய ரூமில் ராத்திரி முழுக்க ந. பிச்சமூர்த்தி பேச்சுதான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'காட்டு வாத்து' ஒன்று அவனிடம் இருந்தது. அதைப் பூஜையறைப் படம் மாதிரி வைத்திருந்தான்.

"பிச்சமூர்த்தி முதல் கவிதை எழுதினது எப்போ தெரியுமா? 1934. 'காதல்'னு பேரு, மணிக்கொடியில வந்தது. முதல் தொகுப்பு எப்போ? 1962! அவர் பிறந்தது 1900. கணக்குப் போட்டுக்கோ."

பேங்க்காரனாச்சே, போட்டேன். முதல் கவிதைக்கு வயசு முப்பத்து நாலு. முதல் தொகுப்புக்கு அறுபத்து இரண்டு. நடுவில் இருபத்தெட்டு வருஷம்! எங்கள் பேங்க்கில் இவ்வளவு நீண்ட கால டெபாசிட் கிடையாது.

"இத்தனை வருஷம் என்ன பண்ணினார்?"

"கும்பகோணத்துல வக்கீலா இருந்தார். கோயில் நிர்வாக அதிகாரியா இருந்தார். கதை எழுதினார். கவிதையை நடுவுல பல வருஷம் விட்டுட்டார். அப்புறம் 1959 ஜனவரியில சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பிச்சார். பிச்சமூர்த்தியோட பழைய கவிதை 'பெட்டிக்கடை நாரணன்' ஒண்ணைத் தேடி எடுத்து மறுபடி போட்டார். அதைப் பார்த்துட்டுப் புதுப் பையன்கள் எழுத ஆரம்பிச்சாங்க. பிச்சமூர்த்தியும் திரும்ப எழுத ஆரம்பிச்சார். மூணே வருஷத்துல 'எழுத்து' பிரசுரமா 'காட்டு வாத்து' வந்துடுச்சு. அதே வருஷம் 'புதுக்குரல்கள்'னு இருபத்து நாலு பேரோட கவிதையைச் சேர்த்து இன்னொரு தொகுப்பு."

"வித்துதா?"

அவன் சிரித்தான். "செல்லப்பா வித்தார்! புஸ்தகத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா, காலேஜ் காலேஜா போனார். அப்போ அவருக்கு ஐம்பது வயசு. திருவல்லிக்கேணியில உக்காந்துக்கிட்டு விமர்சனம் எழுதினதோட நிறுத்தலை. சுமந்துக்கிட்டுப் போனார்."

எனக்கு ஒரே ஆவேசமாகிவிட்டது. நள்ளிரவுக்கு மேல் காபி குடித்தால் இப்படித்தான். "கொடுடா ஐம்பது பிரதி! மதுரைக்கு நான்தான் செல்லப்பா!" என்றேன்.

திங்கட்கிழமை காலையிலேயே ஆவேசம் பாதி இறங்கிவிட்டது.

முதலில் மேனேஜர். புரட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு பக்கத்துலயும் நிறைய இடம் விட்டிருக்கே. பால் கணக்கு எழுதலாம்" என்றார். வாங்கவில்லை. கேஷியர் ஒரு பிரதி வாங்கினார். அவருக்கு நான் முந்தின வாரம் லீவில் உதவி பண்ணியிருந்தேன். மாடி வீட்டுத் தமிழ் வாத்தியார் ஒன்று வாங்கி, இரண்டு நாளில் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தார். காசைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டும் பெரிய மனசு. புத்தகக் கடைக்காரர் ஒருவர் கையில் வாங்காமலே, "கவிதையா? அந்த மூலையில வெச்சிட்டுப் போங்க" என்றார். அந்த மூலையில் ஏற்கெனவே மூன்று கவிஞர்கள் தூசியில் இருந்தார்கள். நானும் வைக்காமல் திரும்பினேன்.

கடைசியாக ஒரு காலேஜ் வாசலுக்குப் போனேன். தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் பத்துப் பிரதி. வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றேன். பையன்களும் பெண்களுமாக வந்துகொண்டேயிருந்தார்கள். யாரை, என்ன சொல்லிக் கூப்பிடுவது? "தம்பி, கவிதை வாங்கிக்கிறியா?" என்றா? வாய் வரவில்லை. ஒரு பெண் மட்டும் தானாகவே பக்கத்தில் வந்தாள். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"சார், லாட்டரி டிக்கெட்டா?" என்றாள்.

அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒரு பிரதி வாங்கினார். குழந்தை அழுதது, கையில் எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஆக விற்றது மூன்று. இலவசமாகக் கொடுத்தது, திரும்பி வந்த சிவப்பு மைப் பிரதியையும் சேர்த்து, ஐந்து. அதில் ஒன்றைச் சலூனிலேயே மறந்து வைத்துவிட்டேன்; அதுவும் கொடுத்த கணக்குதான். மிச்சம் நாற்பத்து மூன்று.

(ஐம்பதிலிருந்து மூன்றும் ஐந்தும் போனால் நாற்பத்திரண்டுதானே என்று கணக்குப் போடுகிற வாசகருக்கு: வாத்தியார் பிரதி இரண்டு தடவை கணக்கில் வருகிறது. பேங்க் புத்தி!)

அப்புறம் செய்ததுதான் விஷயம். ஒரு மாசம் கழித்து நண்பனுக்கு இருநூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். ஐம்பது நாலு இருநூறு. அதில் பன்னிரண்டு ரூபாய் நிஜம். நூற்றெண்பத்தெட்டு என் சம்பளம். கூப்பனில், "எல்லாம் விற்றுவிட்டது. மதுரை வாசகர்கள் மகா ரசிகர்கள்" என்று எழுதினேன். பொட்டலத்தைப் பரண்மேல் ஏற்றினேன்.

தப்பு என்று தோன்றவே இல்லை. அக்காவின் வளையலில் கொஞ்சமாவது திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். அவனிடமிருந்து சந்தோஷமாக ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போயிற்று. இன்லண்ட் லெட்டர்கள் குறைந்தன. வந்ததெல்லாம் "அம்மாவுக்கு என் நமஸ்காரம்" ரகம். அவன் கல்யாணம், என் கல்யாணம், டிரான்ஸ்ஃபர், குழந்தைகள். விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். கவிதையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் பேசவில்லை.

பல வருஷம் கழித்து டி.எஸ். எலியட் கதையைப் படித்தேன். உலகம் முழுக்கப் புதுக்கவிதைக்காரர்கள் பெயர் சொல்லும் ஆள். 1948-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய முதல் தொகுப்பு 1917 ஜூனில் லண்டனில் வந்தது. 'புருஃப்ராக் அண்ட் அதர் அப்சர்வேஷன்ஸ்.' பன்னிரண்டே கவிதை, ஐந்நூறு பிரதி, விலை ஒரு ஷில்லிங். அப்போது எலியட் என்ன வேலையில் இருந்தார் தெரியுமோ? பேங்க்கில் குமாஸ்தா! அந்த வருஷம் மார்ச்சில்தான் லாயிட்ஸ் பேங்க்கில் சேர்ந்திருந்தார். அவரும் பேங்க், நானும் பேங்க். ஒற்றுமை அதோடு முடிந்தது.

என்னைத் தூக்கி நிமிர வைத்தது வேறு சங்கதி. அந்தப் புத்தகத்தின் அச்சுச் செலவுக்கு எலியட்டின் நண்பர் எஸ்ரா பவுண்ட் ஐந்து பவுண்டு கொடுத்தார். எலியட்டுக்குத் தெரியாமல் கொடுத்தார்! பவுண்டு கொடுத்த பவுண்ட். ஐந்நூறு பிரதி விற்பதற்கு ஐந்து வருஷம் ஆனது. பிற்காலத்தில் பவுண்ட் அரசியலில் போன வழி மகா மோசம். அது வேறு கதை. அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. 'பார்த்தாயா, நானும் ரகசியமாகக் காசு கொடுத்த ஆள்தான். நான் மதுரை பவுண்ட்!' என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குஷி, மேலும் நாலு பக்கம் படிக்கிற வரைக்கும்தான். பவுண்ட் காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தைப் பரணில் போடவில்லை. அதற்கு முன்பே சிகாகோவில் 'பொயட்ரி' பத்திரிகை ஆசிரியை ஹாரியட் மன்றோவோடு மாதக்கணக்கில் கடிதச் சண்டை போட்டு, புருஃப்ராக் கவிதையை 1915-ல் அங்கே வர வைத்திருந்தார். புத்தகம் வந்ததும் தானே பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதினார், குறை சொன்னவர்களோடு மல்லுக்கு நின்றார். ஐந்து பவுண்டு அதில் ஒரு சின்னச் செலவு.

எனக்குப் பொருத்தமான கதை அமெரிக்காவில் இருந்தது. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்று ஒரு கவிஞர், டாக்டர். 1909-ல் நியூஜெர்ஸியில் தன் ஊரிலேயே முதல் தொகுப்பைச் சொந்தக் காசில் போட்டார். முதலில் அடித்த பிரதிகளில் ஏகப்பட்ட அச்சுப்பிழை (திருச்சிக் கம்பாசிட்டருக்கு அங்கே ஒரு அண்ணன் இருந்திருக்கிறார்). திருத்தி, மறுபடி நூறு பிரதி அடித்தார். விலை இருபத்தைந்து சென்ட். விற்றது நாலு. கொஞ்சம் இலவசமாகப் போயிற்று. மிச்சத்தை அச்சாபீஸ்காரர் தன் கோழிக்கூண்டுக் கூரைக்கடியில் செருகி வைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்து, ஒருநாள் தற்செயலாகத் தீப்பிடித்து எரிந்துபோயிற்று.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே பரணைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

சரி, பெயிண்ட் அடித்த நாளுக்கு வருகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பையன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். பிரித்த பொட்டலத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பக்க ஓரத்தில் அவன் கட்டைவிரல் ரேகை, இளமஞ்சள் கலரில்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த சைக்கிள் கதை..."

"அது கவிதைப்பா."

"அப்படியா? அந்த அப்பா வெளியூர் போனாரு, சைக்கிளைச் சுவத்துல சாச்சு வெச்சிட்டுப் போனாரு. மழையில நனையுது, துருப் பிடிக்குது, கொடி படருது. அதோட முடிஞ்சிருச்சு. அடுத்த பக்கம் வேற கதை. அந்த அப்பா திரும்பி வந்தாரா, இல்லியா சார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கவிதையை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். நல்லாயிருக்கு என்று கடிதம் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

"எழுதினவரைத்தான் கேக்கணும்."

"கேட்டுச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டான்.

சாயங்காலம் திருச்சிக்குப் போன் போட்டேன். சர்க்கரை, முழங்கால், பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்தோம். அப்புறம், "டா, ஒரு விஷயம். அந்த ஐம்பது பிரதி..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணியார்டர், பொட்டலம், பரண், வேப்பமரம், லாட்டரி டிக்கெட், ஒன்றையும் விடவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏண்டா... அப்போ மதுரையில அதை யாருமே படிக்கலையா?"

"இல்லடா. மன்னிச்சுக்கோ."

"மத்த ஊர்லயெல்லாம் அங்கொண்ணும் இங்கொண்ணுமா போச்சு. மதுரையில மட்டும் ஐம்பதும் போச்சுன்னு நீ எழுதினே. பின் அட்டையில விலாசம் இருக்கு. போஸ்ட்மேனைப் பார்த்துக்கிட்டே ஒரு வருஷம் உக்காந்திருந்தேன். ஐம்பது பேரு படிச்சிருக்கான், ஒருத்தன்கூட நல்லாயிருக்குன்னு எழுதலை, நாசமாப் போன்னும் எழுதலை. சரி, நம்ம எழுத்து அவ்வளவுதான்னு மூட்டை கட்டி வெச்சிட்டேன்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்காவின் வளையலை மீட்கிறோம் என்று நினைத்து, இவனுக்கு ஐம்பது ஊமை வாசகர்களை நான் அனுப்பி வைத்திருக்கிறேன்! மூன்றுதான் விற்றது என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பான். திட்டிவிட்டு அடுத்த கவிதையை எழுதியிருப்பான்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். எழுபது வயசுக்காரன், இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான்.

"அடப்பாவி, படிச்சிட்டுப் பேசாம இருக்காங்கன்னுல்ல நினைச்சேன்! படிக்கவே இல்லியா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இன்னிக்கு ஒருத்தன் படிச்சான்" என்றேன். பெயிண்டர் பையன் கேட்டதைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. "என்ன கேட்டான்? திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"'திரும்பி வந்தாரா'ன்னா கேட்டான்? 'வரலியா'ன்னு கேட்டானா?"

"'வந்தாரா, இல்லியா'ன்னு கேட்டான்."

"நாளைக்கு வேலைக்கு வர்றானா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான். போனை ஏணிமேல் நீட்டினேன். பையன் இடது கையில் போன், வலது கையில் பிரஷ்ஷோடு முக்கால் மணி நேரம் பேசினான். அந்த அப்பா திரும்பி வந்தாரா என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறான். கூடத்துச் சுவரில் ஒரு மூலை மட்டும் பட்டை பட்டையாகக் காய்ந்துபோய்விட்டது. என் மனைவி இன்னும் அதைக் காட்டிக் காட்டிக் குறை சொல்கிறாள். இரண்டாவது கோட்டிங் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பையன் ஒரு பிரதி வாங்கிக்கொண்டான். சும்மா கொடுத்தேன்; வாங்க மாட்டேன் என்றான். அட்டையில் போட்டிருக்கிற நாலு ரூபாயைச் சில்லறையாகக் கொடுத்தான். அந்த நாலு ரூபாயை நான் மணியார்டர் பண்ணவில்லை. கையோடு திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

மிச்சம் நாற்பத்திரண்டு பிரதி இருக்கிறது. பொட்டலம் மறுபடி பரணுக்குப் போகவில்லை. ஜோல்னாப் பையைத் தேடி எடுத்துத் துவைக்கப் போட்டிருக்கிறேன். காலேஜ் எல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. இந்த வயசில் என்னைப் பார்த்து லாட்டரி டிக்கெட்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை பண்ணிவிட்டார்கள். அந்த ஒரு சாக்கும் போயிற்று.